வாயாடியின் இதயத்துக்கு ஒரு கூண்டு

மருந்துச் சோதனையிலிருந்து விலங்குகளை விடுவிக்கும் சட்டம் நிறைவேறிய அன்று, மேசை தட்டிய வேகத்தில் அவையில் ஒரு உறுப்பினரின் கைக்கடிகாரம் உடைந்துபோனது. அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனி இந்த நாட்டில் மருந்துக்காக ஒரு எலியும் கண்ணீர் விடாது" என்றார். எலி கண்ணீர் விட்டுப் பார்த்தவர் யாரும் அங்கே இல்லாததால் குறுக்குக் கேள்வி எழவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் மட்டும் எழுந்து, முயலை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். முயலையும் சேர்த்தார்கள். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

பேக்கரிக்காரர் இதை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த ரேடியோவில் கேட்டார். வெந்த ரொட்டித் தட்டை அப்படியே மேசைமேல் போட்டுவிட்டு, மாவு அப்பிய கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "சட்டம் வந்திருச்சு! நம்ம பிள்ள பொழைச்சிருச்சு!" என்று வார்டு வாசலில் மனைவியைப் பார்த்துக் கத்தினார். நர்ஸ் ஓடிவந்து, பார்வையாளர் நேரம் மாலையில்தான் என்று சொல்லி இருவரையும் வெளியே அனுப்பினார்.

அவருக்கு ஒரே மகள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் வாயாடிதான். பேக்கரிக்கு வருகிறவர்களிடம், "நேத்து வாங்கின பன் நல்லா இருந்துச்சா? பொய் சொல்லக் கூடாது" என்று கேட்டு வியாபாரத்தைக் கெடுப்பாள். அப்படிப்பட்டவளுக்கு இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும் நோய். முதலில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு நடந்தால் வாங்கியது. இப்போது பேசினாலே வாங்கியது. ஆனாலும் அவள் பேசுவதை விடவில்லை.

மருந்து இல்லாமல் இல்லை. ஆராய்ச்சி நிலையத்து டாக்டரம்மா ஒருவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆனால் மருந்து அனுமதி வாரியம் சம்மதிக்க வேண்டும். சட்டம் வரும்வரை, அதற்கு முதலில் ஒரு விலங்குக்குக் கொடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. இந்த நோயோ மனிதர்களைத் தவிர வேறு எந்த உயிருக்கும் வருவதில்லை.

"அதெப்படி வராம போகும்? நோய் வந்த ஒரு குரங்காவது எங்கயாவது இருக்கும். தேடாம இல்லன்னு சொல்லக் கூடாது" என்றார் வாரியத்தின் பிரிவு அதிகாரி.

பேக்கரிக்காரர் தேடினார். பெற்ற மனம் பித்து அல்லவா? மிருகக்காட்சி சாலைக்குப் போய், நெஞ்சு சரியில்லாத குரங்கு ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்க குரங்குங்களுக்கு ஒரு குறையும் இல்ல. உங்களப் பாத்தாத்தான் முடியாதவர் மாதிரி இருக்கு, உக்காருங்க" என்று தண்ணீர் கொடுத்தார்.

டாக்டரம்மாவிடம் வேறு வழி இருந்தது. வாயாடியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, அதிலிருந்து இதயத் தசையை வளர்த்து, நகத்தளவு கண்ணாடிச் சிப் ஒன்றில் குடிவைத்தார். அந்தத் தசை தானாகவே துடித்தது. வாயாடிக்கு இருக்கும் அதே நோய் அதற்கும் இருந்தது. மருந்தை முதலில் அதற்குக் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு ஒத்துக்கொண்டால் இவளுக்கும் ஒத்துக்கொள்ளும். டாக்டரம்மா அதை நுண்ணோக்கியில் வைத்து வாயாடிக்குக் காட்டினார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா, என் நெஞ்சு தனியா டூர் போயிருக்குப்பா" என்றாள்.

அந்தச் சிப்பை வாரியம் ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தது. "இது என்ன இனம்?" என்று கேட்டபோது டாக்டரம்மா "மனித இனம்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்ததுதான் காரணம். இப்போதுதான் சட்டம் வந்துவிட்டதே. விலங்கு வேண்டாம், சிப் போதும் என்று அவையே சொல்லிவிட்டது. பேக்கரிக்காரர் அன்று ரொட்டி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கேக் சும்மா கொடுத்தார்.

சாமி வரம் கொடுத்தால் போதுமா? பூசாரியும் கொடுக்க வேண்டும்.

"வாங்க, வாங்க" என்று எழுந்தே நின்றுவிட்டார் பிரிவு அதிகாரி. "அருமையான சட்டம். டிவியில பாத்துட்டு நானே கைதட்டினேன். வீட்ல பயந்துட்டாங்க."

"அப்ப மருந்து எப்ப சார் கிடைக்கும்?"

"சட்டம் புதுசு. விதி எல்லாம் பழசுதானே?" அதிகாரி தனக்குப் பின்னால் இருந்த அலமாரிகளைக் காட்டினார். விலங்குகளை எப்படி வைப்பது, எப்படி ஊட்டுவது, எப்படித் தூங்க வைப்பது என்று கூரை வரைக்கும் விதிகள். "இத்தனையையும் உக்காந்து திருத்த யாருக்கு நேரம் இருக்கு? அதனால சட்டத்தோட கடைசியில ஒரே ஒரு வரி போட்டுட்டாங்க. விலங்குக்குச் சொன்னதெல்லாம் இனிமே சிப்புக்கும் பொருந்தும். எவ்வளவு சுலபமா முடிச்சுட்டாங்க பாருங்க!"

"புரியல சார்."

"உங்க சிப் இனிமே எங்களுக்கு ஒரு விலங்கு. விலங்குக்கு என்னென்ன மரியாதையோ அத்தனையும் அதுக்கும் உண்டு. சந்தோஷம்தானே?"

பேக்கரிக்காரர் சந்தோஷம் என்றார். வேறு என்ன சொல்வது? பிறகு மெல்லக் கேட்டார். "சார், பிள்ளைக்கு ரொம்ப முடியல. அவளுக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடியே குடுக்க முடியாதா?"

அதிகாரிக்கு முகம் வாடிவிட்டது. "சோதிக்காத மருந்தக் குடுத்து, அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா? அப்புறம் நாங்க எப்படிங்க நிம்மதியாத் தூங்குறது?"

கொடுக்காமல் ஏதாவது ஆனால் நிம்மதியாகத் தூங்குவீர்களா என்று கேட்க பேக்கரிக்காரருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காரியம் ஆக வேண்டியவர் வாயைத் திறக்க முடியுமா? கும்பிட்டுவிட்டு வந்தார்.

சிப்பை வரவேற்க விழா வைத்தார்கள். விலங்குகள் போன பிறகு வாரியத்து விலங்குக் கூடத்து ஊழியர்கள் அத்தனை பேரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. சிப்பைப் பார்த்ததும் அவர்களுக்கு உயிர் வந்தது. குட்டி யானையே வந்தால்கூடத் தாங்கும் ஒரு கூண்டைக் கழுவி, வைக்கோல் பரப்பி, நடுவில் சிப்பை வைத்தார்கள். வைத்த பிறகு அதைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமானது.

வாரியத் தலைவர் ரிப்பன் வெட்டிவிட்டுப் பேசினார். "சிலர் இந்த வாரியத்தைக் குறை சொல்கிறார்கள். ஏதோ நாங்கள் மருந்துகளைத் தாமதப்படுத்துகிறோமாம். எங்கள் சாதனையைப் பாருங்கள். புற்றுநோயா? எலிகளுக்குக் குணப்படுத்திவிட்டோம். சர்க்கரை நோயா? எலிகளுக்குக் குணப்படுத்திவிட்டோம். எலிக்கு வந்து, எங்களால் குணமாகாத நோய் என்று ஒன்றை யாராவது காட்டட்டும், நான் பதவி விலகுகிறேன்!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பேக்கரிக்காரரும் தட்டினார். தட்டாவிட்டால் தலைவர் கவனித்துவிடுவாரோ என்று பயம்.

அடுத்து கால்நடை மருத்துவர் வந்தார். நல்ல மனிதர், கூச்சப்பட்டுக்கொண்டேதான் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்ணாடிமேல் வைத்தார்.

"பல்லைப் பார்க்கணும்" என்றார்.

"பல் இல்லைங்க" என்றார் டாக்டரம்மா.

"இல்லன்னு எழுத எடம் இல்ல மேடம். விழுந்துருச்சா, இல்ல இன்னும் முளைக்கலையா?"

டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, "முளைக்கல" என்றார். "அப்ப குட்டி" என்று எழுதிக்கொண்டார் மருத்துவர். குட்டி என்றால் வெறிநாய்க் கடித் தடுப்பூசி போட்டாக வேண்டும். ஊசி பட்டால் சிப் நொறுங்கிவிடும் என்று டாக்டரம்மா குறுக்கே விழுந்து தடுத்தார். அதற்குள் மருந்துக் குப்பியைத் திறந்துவிட்டார்கள். திறந்த மருந்தை வீணாக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அதனால் அந்த ஊசியைப் பேக்கரிக்காரருக்குப் போட்டார்கள்.

மாலையில் பார்வையாளர் நேரத்தில் கையைத் தேய்த்துக்கொண்டே அவர் இதைச் சொன்னபோது, வாயாடி படுத்தபடியே சிரித்தாள். சிரித்துச் சிரித்து உதடு நீலமாகிவிட்டது. நர்ஸ் வந்து திட்டினார்.

"நாளைக்கு என்னப்பா பண்ணுவாங்க?"

"ஓட விடணுமாம். விலங்குக்கு தினமும் ஓட்டம் வேணுமாம்."

மறுநாள் சொன்னபடியே ஓட்டம் நடந்தது. சிப் ஓடவில்லை. ஓடாவிட்டால் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். மேலே போனால் எப்போது கீழே வருமோ தெரியாது. ஆகவே கூண்டுக் காவலர் சிப்பைத் தட்டில் ஏந்திக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினார். பாவம், ஓய்வு பெறும் வயது. "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்க ஏங்க காயுது?" என்று மூச்சிரைக்கக் கேட்டார். பேக்கரிக்காரர் அவருக்கு தினமும் ஒரு பன் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வாயாடிக்கு இந்தக் கதைகள்தான் சாப்பாடு. கேள்வி கேட்டுத் துளைப்பாள். அது என்ன சாப்பிட்டது? தூங்கியதா? அதற்கு ஜன்னல் இருக்கிறதா?

"இருக்கு கண்ணு. கிழக்குப் பாத்த ஜன்னல். வெயில் படணும்னு விதி."

வாயாடி தன் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். அந்த வார்டுக்கு ஜன்னலே கிடையாது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது; குழந்தையின் ரத்தத்தில் வளர்ந்த துளிக்கு வெயில், காற்று, வைத்தியர், ஓட்டம்; குழந்தைக்கு ஒரு குழல் விளக்கு.

"பரவால்லப்பா. அதுவும் நான்தானே" என்றாள்.

அதற்குப் பிறகு வந்தது துணை விதி. எந்த விலங்கையும் தனியாக வைக்கக் கூடாது. பிரிவு அதிகாரி இதைச் சொல்லும்போது அவர் குரலே தழுதழுத்தது. "தனிமைங்கிறது கொடுமைங்க. ஒரு ஜீவனைத் தனியா அடைச்சு வைக்கிற அளவுக்கு இந்த வாரியம் கல்நெஞ்சு புடிச்சது இல்ல. துணைக்கு அதே இனத்துல இன்னொண்ணு கொண்டு வாங்க. அதுவரைக்கும் மருந்து சோதனைய ஆரம்பிக்க முடியாது."

டாக்டரம்மா மேசையை அடித்தார். இன்னொரு சிப் வளர்க்க வேண்டுமென்றால் வாரக்கணக்கில் ஆகும், அந்தக் குழந்தைக்கு அவ்வளவு காலம் இல்லை என்று கத்தினார். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். தன்னால் முடிந்தால் செய்யமாட்டேனா என்றார். விதி எழுதியவர் தான் அல்ல என்றார். விதி எழுதியவர் ஓய்வு பெற்று இறந்தும்விட்டார் என்று கூடுதல் தகவலும் கொடுத்தார்.

பேக்கரிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "என் ரத்தத்த எடுத்துக்குங்கம்மா" என்றார்.

அவருடைய இதயம் வளரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். வாயாடிக்கு இப்போது கேள்விகள் குறைந்துவிட்டன. நாலு வார்த்தை பேசிவிட்டு, ஐந்தாவது வார்த்தைக்கு அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அம்மா அதை முடித்துச் சொல்வாள். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்ததும் பேக்கரிக்காரர் கிளம்புவார். ஒருநாள் அவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க அதுக்குத் துணையா நீ... இருக்கப் போறியாப்பா?"

"ஆமா கண்ணு. பக்கத்துலயே."

"ராத்திரியும்?"

"ராத்திரியும்."

"அப்ப இங்க எனக்கு?"

அவர் தன் விரலை மெல்ல விடுவித்துக்கொண்டார். நர்ஸ் இரண்டாம் மணியும் அடித்துவிட்டார். அவர் படியிறங்கி வந்து, சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று, வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு அழுதார்.

ஒருவழியாக அப்பாவின் இதயத்தையும் மகளின் இதயத்தையும் ஒரே கூண்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டும் சண்டையிடுகின்றனவா என்று கூண்டுக் காவலர் கண்காணித்தார். சண்டை இல்லை என்று தெரிந்ததும் சோதனை தொடங்கியது. டாக்டரம்மா மகளின் சிப்பில் மருந்தை விட்டார்.

மருந்து வேலை செய்தது.

இறுகிக் கிடந்த தசை தளர்ந்தது. திக்கித் திக்கித் துடித்தது சீராகத் துடித்தது. டாக்டரம்மா நுண்ணோக்கியை விட்டு எழாமல் "வாங்க, வந்து பாருங்க" என்று பேக்கரிக்காரரைக் கூப்பிட்டார். அவருக்குப் பார்க்கத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றதால் எல்லாமே ஆடியது. ஆனால் மகளிடம் ஓடிப்போய்ச் சொன்னார். அவள் பேசவில்லை. கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

இனி வாரியம் கூடி அனுமதி தர வேண்டியதுதான் பாக்கி. கூட்டத்துக்குத் தேதி வைத்தார்கள். ஒரு உறுப்பினர் வீட்டில் விசேஷம் என்று தேதியைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த தேதியில், கூட்ட அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. வெள்ளையடித்த சுவர் காய்வதற்குள் வாயாடி போய்விட்டாள். ஜன்னல் இல்லாத அந்த வார்டில், பார்வையாளர் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். அம்மாவும் அப்பாவும் வெளியே பெஞ்சில் மணி அடிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

அதன்பின் வாரியம் கூடியது, அனுமதியும் வந்தது. இனி அந்த நோய் வரும் குழந்தைகளுக்கு மருந்து கிடைக்கும். அது நல்ல விஷயம்தான். யார் இல்லை என்றது? பத்திரிகைக்காரர்களைக் கூட்டித் தலைவர் பேசினார். "இது வரலாறு. மருந்து அனுமதி என்றாலே ரத்தம், சாவு என்று பேசுவார்கள். இந்த மருந்தைப் பாருங்கள். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு உயிர்கூடப் போகவில்லை!"

அறையின் கடைசி வரிசையில் பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரை யார் அழைத்தார்கள் என்று தெரியவில்லை. இந்த முறை அவர் கைதட்டவில்லை. கவனிக்கத்தான் ஆள் இல்லை.

சில நாள் கழித்து டாக்டரம்மா பேக்கரிக்கு வந்தார். ரொட்டி வாங்க வந்தவர் போல வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஒரு பன் கேட்டார்.

"சோதன முடிஞ்ச விலங்க முடிச்சிடணுமாம். விதி" என்றார் கடைசியில்.

"எதம்மா முடிக்கணும்?" என்று கேட்டாள் கல்லாவில் இருந்த மனைவி.

டாக்டரம்மா கையைத் தன் நெஞ்சின்மேல் வைத்துக் காட்டினார். மனைவி கல்லாவை விட்டு எழுந்து வந்தாள்.

"அது இன்னும் துடிக்குதா?"

"துடிக்குது."

"நல்லா துடிக்குதா? மூச்சு வாங்காம?"

"நல்லாவே துடிக்குதும்மா."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. புதுச் சட்டப்படி வாரியத்தில் கருணைப் பிரிவு என்று ஒன்று உண்டு. சோதனையில் தப்பித்த விலங்கை அன்பான குடும்பம் எதற்காவது தத்துக் கொடுக்கலாம். சூடான பெட்டியும் ஊட்டத் திரவமும் தான் தருவதாகச் சொன்னார். எத்தனை காலம் துடிக்கும் என்று மட்டும் சொல்ல முடியாது என்றார்.

"எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி, கணவனைப் பார்த்து. "ஆபீஸ் வாசல்லயே உக்காந்தாவது எடுத்துட்டு வந்துடுங்க."

கருணைப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வீட்டைப் பார்வையிட வந்தார். அவர் புதிது; இவர்களைத் தெரியாது. மென்மையான குரல். விலங்குகள் என்றால் உண்மையிலேயே உயிர். பேக்கரிக்கு மேலே இருந்த அந்த இரண்டு அறைகளையும் சுற்றிப் பார்த்தார். கீழே அடுப்பு எரிவதால் வீடு கதகதப்பாக இருப்பதை மெச்சினார். கிழக்குப் பார்த்த ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார். அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் கணவனும் மனைவியும், பரீட்சைக்கு வந்த பிள்ளைகளைப் போல மாறி மாறிப் பதில் சொன்னார்கள்.

"ரெண்டையும் சேத்துத்தான் தருவோம். ஒண்ணோட ஒண்ணு பழகிடுச்சு. இனிமே பிரிச்சா ஏங்கிடும், பாவம்" என்றார் அதிகாரி.

"பிரிக்க வேணாம்மா" என்றார் பேக்கரிக்காரர்.

"ரொம்ப நல்ல மனசுங்க உங்களுக்கு. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வீட்டுல சின்னக் குழந்தைங்க யாராவது இருக்காங்களா? இருந்தா குடுக்க மாட்டோம். எடுத்து விளையாடும், கீழ போடும், எந்நேரமும் சத்தமா இருக்கும். விலங்குக்கு ஆகாது."

பேக்கரிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே யாரோ ரொட்டி கேட்டு மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவிதான் சொன்னாள்.

"இல்லைங்க. குழந்தைங்க யாரும் இல்ல."

"நல்லதாப் போச்சு" என்று அதிகாரி அங்கேயே, நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேட்ட அன்றே அந்த வாரியம் அவர்களுக்குக் கொடுத்த அனுமதி அது ஒன்றுதான்.